8616460799: வகுத்துப் பார்ப்பதா, வர்க்கத்தில் தேடுவதா, அடுக்கில் சோதிப்பதா?

கையில் ஒரு பெரிய முழு எண் இருக்கிறது. அது பகா எண்ணா, இல்லையென்றால் எந்தக் காரணிகளால் ஆனது, அதற்கு எத்தனை வகுத்திகள் என்றெல்லாம் தெரிய வேண்டும். எந்த வழியில் போவது? இதைக் கேட்டதும் பலரும் ஏதோ ஒரு முறையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு எண்ணை மூன்று முயற்சியில் உடைக்கிற அதே வழி இன்னொரு எண்ணில் 30 லட்சம் முயற்சி கேட்கும். இது மிகைப்படுத்தல் இல்லை, கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

ஒப்பீடு புரிய வேண்டுமென்றால் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது. நான் எடுப்பது 8616460799. 1874ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் இந்த எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவராது என்றே அவர் நினைத்தார். பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அந்தக் கருத்து சரி, இன்றைக்கும் சரி. ஆனால் அதற்கு அவர் எடுத்த எண் ரொம்ப வலுவில்லாத எண், அது ஏன் என்று பார்க்கும்போதுதான் முறைகளின் பலமும் பலவீனமும் வெளியே வரும்.

எந்த முறைக்குப் போனாலும் முதலில் செய்ய வேண்டிய சில்லறை வேலை ஒன்று உண்டு. கடைசி இலக்கம் 9, ஆக 2ம் 5ம் போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் 56, அதை 3ஆல் வகுத்தால் மீதி 2. அப்புறம் 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம், 7 × 11 × 13 = 1001 என்பதால். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 799 − 460 + 616 − 8 = 947. இந்த 947 ஏழாலும் வகுபடாது, 11ஆலும் வகுபடாது, 13ஆலும் வகுபடாது, எனவே நம் எண்ணும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கமான 99ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, கடைசி மூன்று இலக்கமான 799ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7. நாலால் வகுத்து மீதி 3 வருகிற எண் முழு வர்க்கமாக இருக்கவே முடியாது, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும் இருக்க முடியாது. இரண்டு நிமிட வேலையில் இவ்வளவு தெரிந்துவிட்டது. வகுபடவில்லை என்று தெரிந்ததும் இந்த மீதிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

சரி, முதல் வழி: பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போவது. வர்க்கமூலம் வரை போனால் போதும், இங்கே அது 92,825க்குக் கொஞ்சம் கீழே. அதுவரை உள்ள பகா எண்கள் சுமார் 9,000. விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன், 8616460799 = 89681 × 96079. சின்னக் காரணியே வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த வழியில் சுமார் 8,700 வகுத்தல்கள் தாண்டித்தான் அது கிடைக்கும். ஒரு வகுத்தலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 145 மணி நேரம், நடுவில் ஒரே ஒரு தப்பு விழுந்தால் எல்லாம் வீண். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை, அதனால் 10, 12 இலக்க எண்ணுக்குக் கணினியில் இதைவிட்டு வேறு எதையும் நான் தேடமாட்டேன். ஆனால் இந்த வழி வளர்கிற வேகம் பயங்கரம்: எண்ணில் இரண்டு இலக்கம் கூடினால் தேட வேண்டிய எல்லை பத்து மடங்காகும். 20 இலக்க எண்ணுக்கு, மோசமான நிலையில், 45 கோடிக்கு மேற்பட்ட பகா எண்களைப் பார்க்க வேண்டும். 30 இலக்கத்துக்கு அது கிட்டத்தட்ட 30 லட்சம் கோடி. எண் எவ்வளவு பெரிதானாலும் முதல் சில ஆயிரம் பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும், சின்னக் காரணி இருந்தால் அதைவிட மலிவாக அதைப் பிடிக்கிற வழி கிடையாது.

அதற்கு மேல் காரணி தேடப் போவதற்கு முன் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இது பகு எண்தானா? பகா எண்ணுக்குக் காரணி தேடி நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றம் இங்கே உதவுகிறது: எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் எடுத்து, நம் எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். வரவில்லையென்றால் அது பகு எண், மறுபேச்சில்லை. அடுக்கு 860 கோடியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் முப்பத்துச் சொச்சம் வர்க்கப்படுத்தலில் முடிந்துவிடும். ஜெவன்ஸ் எண்ணில் இந்தச் சோதனை அபாரமாக வேலை செய்கிறது. காரணிகள் ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் வரும் 89680க்கும் 96078க்கும் பொதுவாக இருப்பது 2 மட்டும், அதனால் 1 முதல் 8616460798 வரையுள்ள எல்லா எண்களிலும் இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடியவை நாலே நாலுதான். வேறு எதை எடுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லா எண்ணும் இப்படி நேர்மையாக நடந்துகொள்ளாது. 561 = 3 × 11 × 17 என்ற எண்ணை எடுங்கள், அல்லது ராமானுஜன் எண் என்று எல்லோருக்கும் தெரிந்த 1729ஐயே எடுங்கள், அது 7 × 13 × 19. இவற்றோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1தான் வரும், பகா எண் போலவே வேஷம் போடும். இவை கார்மைக்கேல் எண்கள், இவற்றுக்கு முடிவே இல்லை என்று 1994ல் நிரூபித்தும் விட்டார்கள். ஆகவே வெறும் ஃபெர்மா சோதனையை நம்பாதீர்கள். மில்லர்-ராபின் சோதனை கிட்டத்தட்ட அதே வேலை, அதே செலவு, ஆனால் வழியில் 1இன் வர்க்கமூலங்களையும் சேர்த்துப் பார்க்கிறது, அதனால் எந்தப் பகு எண்ணும் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அடிஎண்களை (அடுக்குக்கு உயர்த்த நாம் எடுக்கும் எண்களை) ஏமாற்ற முடியாது. இருபது அடிஎண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் ஒரு பகு எண் தப்பிக்கிற வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு.

வாய்ப்புக் கணக்கு போதாது, நிச்சயம் வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே சோதனை பெரும்பாலும் போதும். எண் 2,152,302,898,747க்குக் கீழே இருந்தால் 2, 3, 5, 7, 11 என்ற ஐந்து அடிஎண்களே முழு நிரூபணம். 2இன் 64ஆம் அடுக்கு வரை முதல் பன்னிரண்டு பகா எண்கள் போதும். ஐந்து ஏன், நாலு போதாதா என்றால் ஜெவன்ஸ் எண் அளவுக்குப் போதாது: 3215031751 என்ற எண் 151 × 751 × 28351, ஆனால் 2, 3, 5, 7 நான்கையும் ஏமாற்றிவிடுகிறது.

2002ல் அகர்வால், கயால், சக்சேனா என்ற மூவர் கான்பூர் ஐஐடியில் கண்டுபிடித்த ஏகேஎஸ் முறையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. வாய்ப்பை நம்பாமல், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் சாராமல், எந்த எண்ணுக்கும் இலக்க எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்குள் முடிவு சொல்லும் முதல் சோதனை அது. படிக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. ஆனால் வேலைக்கு எடுப்பேனா என்றால் எடுக்கமாட்டேன், நடைமுறையில் மெதுவானது. ஆயிரக்கணக்கான இலக்கமுள்ள பகா எண்ணை நிரூபிக்க நீள்வளைவு (ஒரு வகை முப்படிச் சமன்பாட்டின் வளைகோடு) வழி நிரூபணம்தான் இன்று கைகொடுக்கிறது. எண்ணுக்கே தனி வடிவம் இருந்தால் அதைவிடவும் நல்ல வழி உண்டு: 2இன் ஏதோ ஒரு அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சென் எண்களுக்கு லூக்கா-லேமர் சோதனை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணான 2இன் 136279841ஆம் அடுக்கு கழித்தல் 1ஐ உறுதிசெய்தது அந்தச் சோதனைதான். அவ்வளவு பெரிய எண், வேறு வடிவத்தில் இருந்திருந்தால் யாரும் தொட்டிருக்கவே முடியாது.

பகு எண் என்று தெரிந்துவிட்டதாலேயே காரணி தெரிந்துவிடாது. 2இன் 67ஆம் அடுக்கு கழித்தல் 1 பகு எண் என்று 1876லேயே லூக்கா காட்டிவிட்டார், ஆனால் அது 193707721 × 761838257287 என்று கோல் என்ற கணிதவியலாளர் சொன்னது 1903ல்.

இப்போது ஜெவன்ஸ் எண்ணின் பலவீனத்துக்கு வருகிறேன். ஃபெர்மாவின் இன்னொரு யோசனை, வர்க்கங்களின் வித்தியாசம்: எண்ணை ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்ததாக எழுத முடிந்தால், இரண்டு மூலங்களின் கூட்டலும் கழித்தலும்தான் காரணிகள். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 92825இல் தொடங்கி ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் போனால் 92880இல் விடை, மொத்தம் 56 முயற்சி. 8,700 எங்கே, 56 எங்கே!

ஆனால் 56கூடத் தேவையில்லை, எழுதி வைத்த மீதிகளை இப்போது எடுங்கள். வர்க்கத்தை 3ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும். நம் எண்ணின் மீதி 2, எனவே பெரிய வர்க்கத்தின் மீதி 0, சின்னதன் மீதி 1 என்றால்தான் கழித்தல் சரியாக வரும். ஆக நாம் தேடுகிற பெரிய மூலம் 3இன் மடங்கு. அடுத்து 8: ஒற்றை எண்ணின் வர்க்கம் எப்போதும் மீதி 1 தரும், இரட்டை எண்ணின் வர்க்கம் 0 அல்லது 4. நம் எண்ணின் மீதி 7 வர வேண்டுமென்றால் பெரிய மூலம் 4இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் அது 12இன் மடங்கு. 92825க்கும் 92880க்கும் இடையில் 12இன் மடங்குகள் ஐந்தே ஐந்து: 92832, 92844, 92856, 92868, 92880. கடைசி இலக்கம் 9 என்பதால் 5ஆல் வகுத்த மீதி 4, இதே மாதிரி யோசித்தால் மூலத்தை 5ஆல் வகுத்தால் வரும் மீதி 0, 2, 3 மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 92844ம் 92856ம் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் மூன்று.

92832இன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 1319425, இது 1148, 1149 ஆகியவற்றின் வர்க்கங்களுக்கு நடுவில் விழுகிறது, முழு வர்க்கம் இல்லை. 92868இல் 8004625, இதுவும் இல்லை. 92880இல் 10233601, இது 3199இன் வர்க்கம். அவ்வளவுதான். 92880 − 3199 = 89681, 92880 + 3199 = 96079. நான் இதை நோட்டில் பேனாவால் போட்டுப் பார்த்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யாருக்கும் தெரியவராது என்று நினைத்த எண்ணை, 1874ல் இருந்த எந்த மாணவனும் மூன்று முயற்சியில் உடைத்திருக்கலாம்.

அதனால் எப்போதும் இந்த வழியில் போகலாமா? கூடவே கூடாது. 4294967297 என்ற எண்ணைப் பாருங்கள், 2இன் 32ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டியது, பகா எண் என்று ஃபெர்மாவே நம்பியது. 1732ல் ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்தார். காரணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் தள்ளி இருக்கின்றன என்று பார்த்தீர்களா, வர்க்க வித்தியாச முறையில் போனால் 65537இல் தொடங்கி 3350529 வரை நடக்க வேண்டும், 32 லட்சத்துக்கு மேற்பட்ட முயற்சி. வெறுமனே வகுத்துக்கொண்டே போனவனுக்கு 641 என்பது 116ஆவது பகா எண், ஒரு மத்தியான வேலை. எண்ணின் வடிவத்தைக் கவனித்தவனுக்கு அதுவும் வேண்டாம்: இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1 தரும், அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தாவதிலேயே சிக்கிவிடும்.

காரணிகள் அருகருகே இருக்குமா, தள்ளி இருக்குமா என்று முன்கூட்டித் தெரியாதே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் நான் முதலில் சில ஆயிரம் வகுத்தல், அடுத்து சில நூறு வர்க்க முயற்சி என்று இரண்டு ஓரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்குப் போவேன்.

நடுவில் பொலார்ட் என்ற கணிதவியலாளரின் இரண்டு முறைகள் இருக்கின்றன. 1974ல் வந்த பி-கழித்தல்-ஒன்று முறை, காரணியைப் பார்க்காமல் காரணியில் ஒன்று குறைந்த எண்ணைப் பார்க்கிறது. 89681இல் ஒன்று குறைத்தால் 89680, அது 16 × 5 × 19 × 59, எல்லாமே 60க்குள் அடங்கிவிட்டது. ஆகவே 1 முதல் 60 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 89680இன் மடங்காகவும் இருக்கும். 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி (மீதியை மட்டும் வைத்துக்கொண்டுதான்) ஒன்று கழித்து, அதற்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி கண்டால் 89681 கையில் வந்து விழும். மொத்தச் செலவு நூறு வர்க்கப்படுத்தலுக்கும் குறைவு. மற்றக் காரணியில் ஒன்று குறைந்த 96078 = 2 × 3 × 67 × 239, அதில் 67ம் 239ம் 60ஐத் தாண்டியதால் அது கூடவே சிக்கிக்கொள்ளாது, அதனால்தான் இரண்டும் பிரிகின்றன. ஜெவன்ஸ் எண் இந்தப் பக்கமும் திறந்துதான் கிடந்திருக்கிறது. ஆனால் ஒன்று குறைந்த எண்ணில் ஒரு பெரிய பகாக் காரணி இருந்தால் இந்த முறை ஒன்றும் தராது, நாள்கணக்கில் ஓட்டினாலும் தராது. 1975ன் ரோ முறைக்கு அந்தக் குணம் இல்லை, சின்னக் காரணியின் வர்க்கமூலம் அளவுக்கு அடிகள் எடுத்து நிதானமாக முடிக்கும். இங்கே அது 300ஐ ஒட்டி. எண்ணைப் பற்றி எதுவுமே தெரியவில்லை, 15 முதல் 20 இலக்கம், கணினி இருக்கிறது என்றால் யோசிக்காமல் ரோவை எடுங்கள்.

அதற்கு மேலே போனால் தேர்வு காரணியின் அளவைப் பொறுத்தது. காரணி 20, 30, 40 இலக்கமாக இருக்கலாம் என்று தோன்றினால் லென்ஸ்ட்ரா 1987ல் வெளியிட்ட நீள்வளைவு முறை. பி-கழித்தல்-ஒன்றில் அந்த ஒரு எண் சரியாக அமையவில்லையென்றால் கதை முடிந்தது, இதில் வளைவை மாற்றி மாற்றி மறுபடி முயற்சி செய்யலாம். இரண்டு காரணியும் சமமாகப் பெரியவை என்றால் நூறு இலக்கம் வரை இருபடிச் சல்லடை, அதற்கு மேல் எண்புலச் சல்லடை. 1977ல் சவாலாக வெளியிட்ட 129 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை (ஆர்எஸ்ஏ என்பது பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியிருக்கும் ரகசியக் குறியீட்டு முறை) 1994ல் உடைத்தது இருபடிச் சல்லடை, அதற்கு உலகம் முழுவதும் சுமார் 600 தன்னார்வலர்கள் கணினி கொடுத்தார்கள். 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் 2020 பிப்ரவரியில் எண்புலச் சல்லடையில் உடைந்தது. ஒரே ஒரு கணினிக் கரு அந்த வேலையைச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும். நன்றாகத் தேர்ந்தெடுத்த இரண்டு 300 இலக்கப் பகா எண்களின் பெருக்கல் என்றால், நம்மிடம் இப்போது இருக்கும் கணினிகளுக்கு எந்த வழியும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

காரணியைத் தேடாமலே மற்ற இயல்புகளை மட்டும் கண்டுபிடிக்க முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். உதாரணமாக, 8616460799க்குக் கீழே அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? காரணி தெரிந்தால் ஒரு பெருக்கல்: 89680 × 96078 = 8616275040. வகுத்திகள் நாலு, அவற்றின் கூட்டுத்தொகை 8616646560. காரணி தெரியாமல் இவற்றுக்குப் போகக் குறுக்கு வழி இருக்கிறதா என்றால், திருப்பிப் போட்டுப் பாருங்கள். யாரோ அந்த 8616275040ஐ மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். நம் எண்ணோடு ஒன்று கூட்டி அதிலிருந்து இதைக் கழித்தால் 185760, அதுதான் இரண்டு காரணிகளின் கூட்டுத்தொகை. அதில் பாதி 92880, மூன்றாவது முயற்சியில் நமக்குக் கிடைத்த அதே எண். அதாவது அந்த எண்ணிக்கை தெரிந்தாலே காரணியும் தெரிந்த மாதிரிதான்.